கண்டுபிடித்தவர்கள் ஐந்து பேர்

யதுகிரிக்குக் கொடுத்தது இருபது நிமிடம். அதில் பாதியைக் கடவுள் வாழ்த்தும் வரவேற்புரையும் தின்றுவிட்டன.

கல்லூரி முழுவதும் பெயின்ட் வாடை. அடுத்த வாரம் தரச்சான்றுக் கமிட்டி வருகிறது. வாசலில் புதுத் தொட்டிகளில் புதுச் செடிகள் வைத்திருந்தார்கள். ஒன்றிரண்டில் நர்சரியின் விலைச்சீட்டு இன்னும் தொங்கியது. கருத்தரங்கக் கூடத்தின் சுவர் வெளிர் மஞ்சளாக மின்னியது. அதில் சாயக் கூடாது என்று கன்னடத்தில் ஒட்டியிருந்தார்கள்.

"எங்கள் கல்லூரியின் பேட்டன்ட் தாய்" என்று வரவேற்ற மாணவன் சொன்னான். கைதட்டினார்கள். யதுகிரி மேசையின் மேல் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு வருடமாகப் பேட்டன்ட் ஏஜென்ட். மற்றவர்கள் கண்டுபிடித்ததற்கு விண்ணப்பம் எழுதித் தருவது தொழில். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில், மானஸகங்கோத்ரியில், எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள். சரஸ்வதிபுரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே அலுவலகம். தொடக்கத்தில் தொழிற்சாலைக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் ஒவ்வொரு வரிக்கும் சண்டை போடுவார்கள். பிறகு கல்லூரிகள் வர ஆரம்பித்தன. கல்லூரிகள் சண்டை போடுவதில்லை. பேட்டன்ட் கிடைத்ததா என்றுகூடக் கேட்பதில்லை. விண்ணப்பம் அரசு இதழில் வெளியானால் போதும், அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு முதல்வர் அறையில் மாட்டிவிடுவார்கள். வெளியாவதற்கும் கிடைப்பதற்கும் உள்ள தூரத்தை யதுகிரி முதல் வருடம் விளக்கிச் சொன்னாள். இரண்டாம் வருடத்திலிருந்து சொல்வதை விட்டுவிட்டாள்.

இந்தக் கல்லூரியைக் கொண்டுவந்தவர் இராமச்சந்திரன், இயற்பியல் துறைத் தலைவர். அவருடைய தம்பிக்குத்தான் யதுகிரியின் அக்காவைக் கொடுத்திருந்தது. இந்தக் கல்லூரியை மட்டுமல்ல, மண்டியாவில் ஒன்றையும் நஞ்சன்கூட்டில் ஒன்றையும் அவர்தான் பேசி முடித்துக் கொடுத்தார். இப்போது முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

யதுகிரி எழுந்தாள். கன்னடத்தில் பேசினாள், நடுநடுவே ஆங்கிலம்.

"இயற்கையில ஏற்கெனவே இருக்கறதுக்குப் பேட்டன்ட் கிடையாது. ஈர்ப்பு விசை யாருக்கும் சொந்தமில்லை. அதை வெச்சு ஒரு கருவி செஞ்சா, அது புதுசா இருந்தா, அந்தத் துறை தெரிஞ்ச ஒருத்தர் 'அட, இதை யார் வேணா செய்வாங்களே'ன்னு சொல்ல முடியாததா இருந்தா, எதுக்காவது உதவினா, அப்ப கிடைக்கும். இருபது வருஷம் உங்க அனுமதி இல்லாம யாரும் அதைச் செய்யக் கூடாது. பதிலுக்கு நீங்க அதை எப்படிச் செய்யறதுன்னு ஒளிக்காம எழுதித் தரணும். இவ்வளவுதான் பேட்டன்ட்."

கடைசி வரிசையில் ஒருவன் கை தூக்கினான்.

"மேடம், டைம் மெஷினுக்குத் தருவாங்களா?"

"செஞ்சுட்டியா?"

"செஞ்சா."

"செஞ்சா நேத்துக்கே போய் ஃபைல் பண்ணிட்டு வரலாமே. எங்கிட்ட என்ன கேள்வி?"

கூடம் சிரித்தது. அவன் பக்கத்தில் இருந்தவன் அவன் முதுகில் அறைந்தான். யதுகிரிக்கு இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. மாணவர்களோடு பேசுவது பிடிக்கும். அவர்கள் ஒன்றும் வாங்க வந்தவர்கள் இல்லை.

"ஒண்ணே ஒண்ணு மறக்காதீங்க," என்றாள். "ஃபைல் பண்றதுக்கு முன்னாடி யாருக்கும் காட்டாதீங்க. எக்ஸிபிஷன்ல வைக்காதீங்க. ஸ்டேட்டஸ்ல போடாதீங்க. காதலிக்கிறவங்ககிட்டகூடச் சொல்லாதீங்க. ஊருக்கே தெரிஞ்சது புதுசு ஆகாது. கண்டுபிடிச்சவங்க வாயை மூடிக்கிட்டு இருக்கணும்."

அதற்கும் சிரித்தார்கள். இராமச்சந்திரன் தலையை ஆட்டினார்.

"சரி, ஒரு உதாரணம். வெளியில தேட வேண்டாம். உங்க காலேஜ்லயே இருக்கு."

திரையில் படம் மாறியது. யதுகிரியே வரைவித்த படம். ஒரு பெட்டி, அதிலிருந்து சுவரைத் தொடும் ஒரு தகடு, உள்ளே இன்னொரு தகடு, அதன் மேல் மெழுகில் மூடிய காய்ந்த பூச்சுத் துண்டு.

"சுவர்ல ஈரம் இருக்கான்னு பார்க்கற மீட்டர் கடையில நிறைய இருக்கு. நம்பர் காட்டும். இது நம்பர் காட்டாது. ரெண்டு சர்க்யூட், ரெண்டு ஒலி. ஒண்ணு சுவரைத் தொட்டு வருது. இன்னொண்ணு உள்ள இருக்கற காய்ஞ்ச துண்டைத் தொட்டு வருது. ரெண்டும் ஒண்ணு இல்லைன்னா என்ன கேக்கும்?"

"பீட்ஸ்," என்றது கூடம்.

"ஆமாம். சத்தம் நடுங்கும். சுவர் காயக் காய நடுக்கம் மெதுவாகும். முழுக்கக் காய்ஞ்சா நின்னுடும். படிக்கத் தெரியாத பெயின்டர்கூடக் காதால கேட்டுத் தெரிஞ்சுக்கலாம். நான் எழுதின விண்ணப்பத்துலயே எனக்குப் பிடிச்சது இதுதான்."

உண்மைதான். எழுதும்போது அவளுக்கு ஒரு நாள் முழுக்க மனசு நன்றாக இருந்தது. முதல் வருட மாணவனுக்குத் தெரிந்த இயற்பியல். ஆனால் அதை இப்படி ஒரு சுவரில் கொண்டுபோய் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அவள் பொத்தானை அழுத்தினாள். அடுத்த படம் அரசு இதழின் பக்கம். 'கண்டுபிடித்தவர்கள்' என்பதன் கீழே ஐந்து பெயர்கள். முதல்வர். இராமச்சந்திரன். தர மேம்பாட்டுக் குழுவின் ஒருங்கிணைப்பாளர். கல்லூரிச் செயலரின் மாப்பிள்ளை. நூலகர்.

அப்போதுதான் அது நடந்தது. தலைகள் திரும்பின. முதலில் நடு வரிசை, பிறகு பின் வரிசை, பிறகு மொத்தக் கூடமும். எல்லாரும் ஜன்னலோரம் இருந்த ஒரு பெண்ணைப் பார்த்தார்கள். அவள் திரையைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த பேனா மூடியைத் திருகித் திருகிக் கழற்றி, திரும்ப மாட்டிக்கொண்டிருந்தாள்.

யதுகிரி அடுத்த படத்துக்குப் போயிருக்கலாம். விரல் பொத்தானின் மேலேயே இருந்தது. ஐந்து பெயர்களும் திரையில் நின்றன.

அந்தப் பெண்ணின் பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள். அடையாள அட்டையில் தன்மயி என்று இருந்தது. குரல் கொஞ்சம் உரக்கவே வந்தது.

"மேடம், ஒரு டவுட். நிஜமா கண்டுபிடிச்சவங்க பேரு விட்டுப்போச்சுன்னா, அப்புறம் சேர்க்க முடியுமா?"

இராமச்சந்திரன் நாற்காலியில் மெல்லத் திரும்பிக் கேட்டவளைப் பார்த்தார். பிறகு யதுகிரியைப் பார்த்தார். சிரித்துக்கொண்டேதான் பார்த்தார்.

"முடியும்," என்றாள் யதுகிரி. "சட்டத்துல இடம் இருக்கு. விண்ணப்பம் போட்டவங்க மூலமா கேக்கணும்."

"விண்ணப்பம் போட்டவங்கன்னா?"

"இதுல காலேஜ்."

"காலேஜ்தான் விட்டுதுன்னா?"

கூடத்தில் ஒரு சின்னச் சலசலப்பு. யாரோ இருமினார்கள்.

யதுகிரி சொன்னது சட்டத்தில் பாதி. விடுபட்டவரே நேராகப் பேட்டன்ட் அலுவலகத்தில் கேட்கலாம், யாருடைய தயவும் வேண்டாம் என்பது மறுபாதி. அது நாக்கு நுனிவரை வந்தது.

"டைம் ஆச்சு," என்றார் இராமச்சந்திரன் எழுந்து. "கேள்வி இருக்கறவங்க என் ரூமுக்கு வாங்க. மேடத்துக்கு வேற மீட்டிங் இருக்கு."

வேறு மீட்டிங் எதுவும் இல்லை. யதுகிரி மைக்கைக் கீழே வைத்தாள்.

அவளுக்குச் சால்வை போர்த்தினார்கள். சந்தனச் சீவல் மாலை போட்டார்கள். மைசூர் பேட்டா என்கிற சரிகைத் தலைப்பாகையைத் தலையில் வைத்தார்கள். அது அளவில் பெரியது, புருவம்வரை இறங்கியது. ஒரு பழக்கூடையும் கொடுத்தார்கள். புகைப்படக்காரர் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்றார். அவள் மூன்றாவது தடவை சிரித்தபோது ஜன்னலோர இருக்கை காலியாக இருந்தது.

இராமச்சந்திரனின் அறைக்கும் புதுப் பெயின்ட் அடித்திருந்தது. அவர் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக் கதவைத் திறந்தே விட்டார். காப்பி வந்தது. தனியாக இருந்ததால் வீட்டுத் தமிழுக்கு மாறினார்.

"நன்னா பேசினே. அந்த டைம் மெஷின் பதில் பிரமாதம். காப்பி சாப்பிடு."

"ராமண்ணா, அந்தச் சுவர் கருவி யார் பண்ணினது?"

"டிபார்ட்மென்ட்."

"டிபார்ட்மென்ட்டுக்குக் கை கெடையாது."

அவர் சிரித்தார். "ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். மனிஷான்னு ஒரு பொண்ணு பண்ணித்து. ஐடியா நாங்க குடுத்தது."

"நாங்கன்னா யாரு? பிரின்ஸிபால் கெமிஸ்ட்ரி. செக்ரட்டரியோட மாப்பிள்ளை பி.காம்."

"பி.பி.எம்.," என்று திருத்தினார்.

"லைப்ரேரியன் எதுக்கு?"

"அவனுக்கு ப்ரொமோஷனுக்குப் பாயின்ட் கொறஞ்சுது, பாவம். கேட்டான், போட்டேன். இதெல்லாம் எல்லாக் காலேஜ்லயும் நடக்கறதுதானே. நீ என்னமோ இன்னிக்குத்தான் மெட்ராஸ்லேர்ந்து வந்து எறங்கினவ மாதிரி பேசறயே."

"ஆறாவதா அவ பேரையும் போட்டிருக்கலாமே."

"ஸ்டூடன்டுக்குப் பாயின்ட் உண்டா? கெடையாது. ஒரு பேர் ஏறினா மத்த அஞ்சு பேருக்கும் பங்கு கொறையறது. கணக்குத் தெரிஞ்சவ நீ." அவர் டம்ளரை வாயில் படாமல் தூக்கிக் குடித்தார். "இன்னொண்ணு. பேர் லிஸ்ட் வாட்ஸப்ல நான்தான் அனுப்பினேன். ஒத்துக்கறேன். நீ என்ன அனுப்பினே? கட்டைவிரல். யார் பண்ணினான்னு ஒரு வார்த்தை கேட்டியோ?"

கேட்கவில்லை. எந்தக் கல்லூரியிடமும் கேட்டதில்லை. வெற்றுப் படிவம் அனுப்புவாள், பதவி வரிசையில் பெயர்கள் வரும், அப்படியே ஏற்றுவாள். 'இவர்களே உண்மையான முதல் கண்டுபிடிப்பாளர்கள்' என்ற வரி படிவத்தில் முன்னாலேயே அச்சாகி இருக்கும். அதன் கீழே ஏஜென்ட்டின் கையெழுத்து. அவள் கையெழுத்து.

"அந்தப் பொண்ணுக்கு இப்போ என்ன கொறை?" என்றார் அவர். "நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு போட்டேன். இந்த டிபார்ட்மென்ட்ல அவ்வளவு யாருக்கும் போட்டதில்லை. நேத்து வந்து நின்னா. பெங்களூர்ல ஏதோ இன்டர்வியூவாம், லெட்டர் வேணுமாம். கமிட்டி போகட்டும், அப்புறம் பாக்கலாம்னேன். இப்போ அவ பண்ணினான்னு நான் லெட்டர் குடுத்தா, பிரேம் போட்டு மாட்டியிருக்கே, அது என்னாறது?"

"பேரைச் சேக்கச் சொல்லி நானே ஒரு மனுப் போடறேன். தப்பா விட்டுப்போச்சுன்னு எழுதலாம். யாருக்கும் அவமானம் இல்லாம எழுதத் தெரியும் எனக்கு."

"எதுக்கு? பேட்டன்ட் ஆபீஸ் பரிசோதனைக்கே போடப் போறதில்லையே நாம. பப்ளிஷ் ஆயிடுத்து, கமிட்டிக்கு அது போதும். கெடு தாண்டினா தானா செத்துப்போறது. சாகப்போற கொழந்தைக்கு அப்பா யாருன்னு இப்போ என்ன பஞ்சாயத்து? ஹோக்லி பிடு."

விட்டுவிடு என்று அவர் கன்னடத்தில் சொன்னால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"இந்த வருஷம் ஒவ்வொரு டிபார்ட்மென்ட்லேர்ந்தும் ஒண்ணு போடணும்னு செக்ரட்டரி சொல்லிட்டார்," என்றார் பிறகு, இதமாக. "உன்னைத்தான் சொல்லியிருக்கேன். பெங்களூர்க்காரன் ஒருத்தன் கம்மியாப் பண்ணித் தரேன்னு நடந்துண்டிருக்கான். நம்ம ஆத்துப் பொண்ணு இருக்கறச்சே எதுக்குன்னேன். உங்கக்காகூட அன்னிக்குக் கேட்டா, யதுகிரிக்கு வேலை எல்லாம் எப்படிப் போறதுன்னு."

யதுகிரி காப்பியை முடித்தாள். நல்ல காப்பி. அதைக் குறை சொல்ல முடியாது.

வண்டி நிறுத்துமிடம் கட்டடத்தின் பின்பக்கம். அவள் பழக்கூடையை ஸ்கூட்டரின் இருக்கையில் வைத்துப் பேட்டாவைக் கழற்றிப் பைக்குள் திணித்தபோது, ஜன்னலோரம் இருந்த அந்தப் பெண், மனிஷா, தூணுக்குப் பக்கத்திலிருந்து வந்தாள். கையில் ஒரு துணிப்பை.

யதுகிரி கன்னடத்தில் என்னம்மா என்றாள்.

"தமிழ்லயே பேசுங்க மேடம். எனக்கும் வூட்ல தமிழ்தானுங்க. எங்கப்பாவுக்குச் சொந்த ஊரு மார்டள்ளி, அங்க பூராவும் தமிழாளுங்கதான்."

"நான் தமிழ்னு எப்படித் தெரியும்?"

"சார் ரூம்ல பேசுனீங்களே. கதவு தொறந்துதான் இருந்துச்சு."

"எல்லாம் கேட்டியா?"

"சாகப்போற கொளந்த வரைக்கும் கேட்டேனுங்க. அப்புறம் வந்துட்டேன்."

அவள் குரலில் அழுகை இல்லை. யதுகிரி ஸ்கூட்டரின் கண்ணாடியைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

"இன்டர்வியூவில என்ன ஆச்சு?"

"எம்.எஸ்ஸி.க்கு மேடம். ஸ்காலர்ஷிப்போட. நல்லாத்தான் போச்சு. நீயா என்ன செஞ்சேன்னு கேட்டாங்க. இதைச் சொன்னேன். போர்டுல படம் போட்டுக் காமிச்சேன். ஒரு சார் அங்கயே போன்ல தேடிட்டாரு. அஞ்சு பேரையும் வாசிச்சாரு. வாசிச்சுட்டு, இதுல நீங்க யாருன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"நான்தான் செஞ்சேன்னேன். சிரிச்சாங்க. ஒரு மேடம் மட்டும் சிரிக்கல. திங்கக்கெழமைக்குள்ள யார்கிட்டயாச்சும் எழுதி வாங்கி அனுப்பு, அது வரைக்கும் சீட்டை நிறுத்தி வெக்கறேன்னாங்க. இல்லன்னா பொய் சொன்னதா எழுதிருவாங்களாம்."

அன்று வெள்ளிக்கிழமை.

"அந்தப் பேருங்கள்ல உன்னைச் சேர்க்கச் சொல்லி நீயே மனுப் போடலாம்," என்றாள் யதுகிரி. "காலேஜ் வேண்டாம். நேராப் போடலாம்."

"அங்க காலேஜ் மூலமான்னு சொன்னீங்க."

"ஆமாம்."

மனிஷா அதைப் பற்றி மேலே ஒன்றும் கேட்கவில்லை. "எவ்வளவு நாளாகும்?" என்றாள்.

"அஞ்சு பேருக்கும் நோட்டீஸ் போகும். ஒவ்வொருத்தரும் பதில் சொல்லணும். மாசக்கணக்கா ஆகும்."

"திங்கக்கெழமைக்கு?"

"ஆகாது."

மனிஷா துணிப்பையிலிருந்து ஒரு ஜாமெட்ரி பாக்ஸை எடுத்தாள். மூடியில் பழைய ஸ்டிக்கர். பக்கவாட்டில் ஒரு தகடு நீட்டிக்கொண்டிருந்தது. யதுகிரி அந்தக் கருவியைப் படத்தில்தான் பார்த்திருந்தாள். படத்தில் அது பெரிய பொருளாகத் தெரிந்தது. மனிஷா தகட்டைக் கட்டடத்தின் மஞ்சள் சுவரில் வைத்தாள். சத்தம் வந்தது. நடுங்கியது, வேகமாக, இடைவெளியே இல்லாமல்.

"ஈரம்," என்றாள். "உள்ள ஊறிக் கெடக்குது. மேல அடிச்சுட்டாங்க. எங்கப்பாவா இருந்தா அடிச்சிருக்க மாட்டாரு. மள வந்தா உரிஞ்சு உளுந்துரும். உரிஞ்சா பெயின்டர் மேலதான் பளி. அவுருக்குக் காட்டத்தான் இதைச் செஞ்சேன். மேஸ்திரிகிட்ட வாயால சொன்னா நம்ப மாட்டாங்க. சத்தம் கேட்டா நம்புவாங்க."

"அப்பா இதை வெச்சுப் பாத்திருக்காரா?"

"கேசரேல எங்க தெருவுல ஒரு வூடு வுட்டதில்ல." முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "வீடியோகூட இருந்துச்சு. போன வருசம் சயின்ஸ் டேக்கு. அப்பா கையில புடிச்சுக்கிட்டுச் சுவத்துல வெக்கறாரு, நான் பக்கத்துல நின்னு எப்படி வேலை செய்யுதுன்னு சொல்றேன். தன்மயி எடுத்தா. யூட்யூப்ல போட்டோம்."

யதுகிரிக்கு மூச்சு வந்தது. "அதை அனுப்பு. உன் முகம் இருக்கு, தேதி இருக்கு. ஃபைல் பண்ணினதுக்கு முன்னாடி தேதி. அது போதும். என் லெட்டர்கூட வேண்டாம்."

"எடுத்துட்டோம் மேடம்."

"எதுக்கு?"

"பேட்டன்ட்டுக்குப் போகுது, வெளிய எங்கயும் இருக்கக் கூடாதுன்னு சார் சொன்னாரு. எம் போன்லயும் அளிக்கச் சொன்னாரு, தன்மயி போன்லயும். அவுரு முன்னாடியே அளிச்சோம். ஏஜென்ட் மேடம் சொன்னாங்கன்னு சொன்னாரு."

சொல்லியிருந்தாள். எல்லாருக்கும் சொல்வதுதான். வெளியில் எங்கேயாவது காட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள் என்று தொலைபேசியில், வேறு எதையோ தட்டச்சு செய்துகொண்டே சொல்வது. ஒரு தடவை ஊர் பார்த்தது பார்த்ததுதான் என்று அவளுக்குத் தெரியும். அழித்தால் புதுமை திரும்பி வராது. சாட்சிதான் போகும். தெரிந்தும் சொன்னாள், சொல்வது வழக்கம் என்பதால். கொஞ்ச நேரம் முன்பு அதையே மைக்கில் சொல்லிக் கூடத்தைச் சிரிக்க வைத்திருந்தாள்.

ஜாமெட்ரி பாக்ஸ் இன்னும் சுவரில் நடுங்கிக்கொண்டிருந்தது. மனிஷா அதை எடுத்தாள்.

"நீங்க எழுதிக் குடுங்க மேடம். இதை நான்தான் செஞ்சேன்னு. நீங்க ஏஜென்ட்டு. நீங்க சொன்னா ஒத்துக்குவாங்க."

"நீ செஞ்சதை நான் பாக்கலையேம்மா."

"அவங்க செஞ்சதைப் பாத்தீங்களா?"

மேலே வராந்தாவில் யாரோ வாளியைக் கவிழ்த்தார்கள். தண்ணீர் படிகளில் இறங்கும் சத்தம் கேட்டது. யதுகிரி பையைத் திறந்தாள். கீழே பேட்டா கிடந்தது, அதன் அடியில் அலுவலக முகவரி அச்சிட்ட தாள்கள். ஒன்றை எடுத்தாள். பழக்கூடையைத் தள்ளிவைத்து ஸ்கூட்டர் இருக்கையின் மேல் தாளை விரித்தாள்.

ஆங்கிலத்தில் எழுதினாள். நிறுத்தி நிறுத்தி எழுதினாள். ஒவ்வொரு சொல்லையும் நாளைக்கு யாராவது எதிர்த்துக் கேட்டால் நிற்குமா என்று பார்த்து எழுதுவது பன்னிரண்டு வருடத்துப் பழக்கம். 'மேற்படி விண்ணப்பத்தில் உள்ள கண்டுபிடிப்பாளர்களின் பெயர்களை விண்ணப்பதாரரான கல்லூரி கொடுத்தது. அவர்களில் எவரும் இந்தக் கருவியைச் செய்தார்களா என்பதை நான் சரிபார்க்கவில்லை. விண்ணப்பத்தில் பெயர் இல்லாத ஒருவர் இதைச் செய்திருக்கக்கூடும் என்பதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.'

திரும்பப் படித்தாள். பொய் ஒன்றும் இல்லை. இதை இராமச்சந்திரன் பார்த்தால் இந்தக் கல்லூரி போகும். மண்டியா போகும், நஞ்சன்கூடு போகும். அக்கா தொலைபேசியில் அழுவாள். இவ்வளவு போவதற்கு இந்த மூன்று வரி போதும். கையெழுத்துப் போட்டாள். பதிவு எண்ணை எழுதினாள். தான் துணிந்த ஒரு காரியம் செய்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது.

தாளை மனிஷாவிடம் நீட்டினாள்.

மனிஷா ஜாமெட்ரி பாக்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படித்தாள். உதடுகள் அசைந்தன. முடித்ததும் மேலிருந்து ஒரு தடவை திரும்பப் படித்தாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

"இதுலயும் எம் பேரு இல்லைங்களே, மேடம்."

யதுகிரி பேனாவைக் கையில்தான் வைத்திருந்தாள். மூடியைக்கூட இன்னும் மூடவில்லை. தாளில் கையெழுத்துக்கு மேலே ஒரு வரிக்கு இடம் இருந்தது. மேல்மாடியில் இராமச்சந்திரன் வந்து கைப்பிடிச் சுவரில் கை வைக்கப்போய், ஈரம் நினைவுக்கு வந்து, எடுத்துக்கொண்டார். கீழே பார்த்தார். "யதுகிரி, இன்னும் கெளம்பலையா?" என்றார்.

"இதோ, ராமண்ணா," என்றாள் யதுகிரி. பேனாவை மூடினாள்.

மனிஷா தாளைப் பழக்கூடையின் மேல் வைத்தாள். காற்றில் அது புரண்டது. கூடையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து அதன்மேல் பாரமாக வைத்துவிட்டு, ஜாமெட்ரி பாக்ஸைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தாள்.